மூலையில் கிடக்கும் பெட்டி

நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு ‘அருமை சார்’ என்று போட வேண்டாம், எனக்குத் தெரிந்துவிடும்.

கணினிப் பாதுகாப்பு என்று யார் பேச ஆரம்பித்தாலும், ‘ஓடிபி சொல்லாதீர்கள், தெரியாத லிங்கைத் தொடாதீர்கள்’ என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் பள்ளியிலும் ஊராட்சி அலுவலகத்திலும் கூட்டுறவு சங்கத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு பெட்டி இருக்கிறது. சுவரில் ஆணியடித்துத் தொங்கும், அல்லது பீரோ மேலே தூசியோடு கிடக்கும். பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருக்கும். எல்லாக் கம்ப்யூட்டரின் வயரும் அதில்தான் போய்ச் சேரும். அதற்குப் பெயர் சுவிட்ச். வேலை செய்யும்வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

லைட் போடும் சுவிட்ச் அல்ல. (அதை இலங்கைப் பாடநூல்களில் ‘ஆளி’ என்று எழுதுகிறார்கள். நம் கீழ்புத்துப்பட்டு முகாமிலிருந்து வந்து என்னிடம் படித்த பிள்ளைகளின் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நல்ல சொல், நாமும் எடுத்துக்கொள்ளலாம்.) நான் சொல்வது நெட்வொர்க் சுவிட்ச். நான் கணக்கு வாத்தியார். பணியின் கடைசி ஆண்டுகளில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. அதனால் கொஞ்சம் படித்தேன், ஓய்வுக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் படித்தேன். பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இந்த வேலையிலேயே இருக்கும் என் பழைய மாணவர்கள் இரண்டு பேரைத் தொல்லைப்படுத்திச் சந்தேகம் கேட்டேன்.

முதலில், அந்தப் பெட்டி என்ன செய்கிறது? முன்பு ‘ஹப்’ என்று ஒன்று இருந்தது. ஒரு கம்ப்யூட்டர் அனுப்பும் செய்தியை அது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அனுப்பிவிடும். தெருமுனையில் நின்று கடிதத்தைச் சத்தமாகப் படிக்கிற தபால்காரர் மாதிரி. யாருக்கு வந்ததோ அவர் எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் கேட்காத மாதிரி இருக்க வேண்டும். சுவிட்ச் அப்படியில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தொழிற்சாலையிலேயே கொடுத்த ஒரு முகவரி உண்டு. எந்தத் துளையில் எந்த முகவரி இருக்கிறது என்று சுவிட்ச் தானாகவே பார்த்து ஓர் அட்டவணை எழுதிக்கொள்ளும். அப்புறம் கடிதம் நேராக அந்த வீட்டுக்கே போகும்.

இங்கேதான் முதல் சங்கதி. அந்த அட்டவணைக்கு ஓர் அளவு உண்டு. ஒருவன் தன் லேப்டாப்பை ஒரு துளையில் செருகி, ஆயிரக்கணக்கான பொய் முகவரிகளிலிருந்து செய்தி வருவதுபோல அனுப்பினால் அட்டவணை நிரம்பிவிடும். நிரம்பினால் சுவிட்ச் என்ன செய்யும்? யார் எங்கே என்று தெரியாததால், பழைய ஹப் மாதிரி எல்லாருக்கும் கத்த ஆரம்பிக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவன் எல்லாவற்றையும் கேட்கலாம். இதற்கு மருந்து பல வருடங்களாகவே இருக்கிறது. ‘இந்தத் துளையில் ஒரு முகவரிக்கு மேல் வந்தால் துளையை மூடு’ என்று சுவிட்சிடம் சொல்லி வைக்கலாம். ஆனால் சொன்னால் கேட்கிற சுவிட்சாக இருக்க வேண்டும். கடையில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் பெட்டியிடம் எதையும் சொல்ல முடியாது. அதற்கு வாயும் இல்லை, காதும் இல்லை. வயரைச் செருகினால் வேலை செய்யும், அவ்வளவுதான்.

சொன்னதைக் கேட்கும் சுவிட்சின் பெரிய பயன் வேறு. அதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். உப்பளத்தில் ஒரே குளமாகத் தண்ணீரைத் தேக்கினால் உப்பு எடுக்க முடியுமா? ஒரு பாத்தியில் நிறுத்தி, வெயிலில் இறுக விட்டு, அடுத்ததற்குத் திறந்து, அங்கிருந்து அடுத்ததற்கு, கடைசிப் பாத்தியில்தான் உப்பு. நடுவில் வரப்பு. மடையை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பது அளத்துக்காரர் கையில். மழைத் தண்ணீர் ஒரு பாத்தியில் இறங்கினாலும் கடைசிப் பாத்தி தப்பும். ஒரு சுவிட்சையும் அதே மாதிரி பாத்தி பிரிக்கலாம். கணக்குப் பிரிவு கம்ப்யூட்டர் ஒரு பாத்தி, சிசிடிவி கேமரா ஒரு பாத்தி, வருகிறவர் போகிறவருக்கான வைஃபை ஒரு பாத்தி. எல்லாம் ஒரே பெட்டியில் செருகியிருந்தாலும் ஒன்றை ஒன்று பார்க்காது. இதற்கு வி-லேன் என்று பெயர். வரப்பு இல்லாத நெட்வொர்க்கில் எந்த மூலையில் அழுக்கு விழுந்தாலும் எல்லா இடத்துக்கும் போகும்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் பணம் களவுபோனது பலருக்கு நினைவிருக்கும். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த அவர்களுடைய கணக்கிலிருந்து, வங்கியே கேட்பதுபோல 35 உத்தரவுகள் போயின. மொத்தம் 95 கோடி டாலருக்குமேல் கேட்டார்கள். பெரும்பாலானவை நிறுத்தப்பட்டன. 5 உத்தரவுகள் நடந்துவிட்டன. அவற்றில் ஒன்று 2 கோடி டாலர், இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு. ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லில் எழுத்துப் பிழை இருந்ததைப் பார்த்து வங்கிக்காரர்கள் சந்தேகப்பட்டு நிறுத்தினார்கள், பணம் திரும்பியது. (ஸ்பெல்லிங் எதற்கு சார் என்று கேட்ட 10-பி மாணவர்கள் கவனிக்கவும்.) மீதி 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் வங்கி ஒன்றுக்குப் போய், அங்கிருந்து சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 550 கோடி ரூபாய். பின்னர் ஒரு பகுதிதான் திரும்பக் கிடைத்தது. வங்கியின் கவர்னர் அடுத்த மாதமே பதவி விலகினார்.

திருடர்கள் நுழைந்தது வேலை கேட்டு வந்த விண்ணப்பம்போல ஒரு மின்னஞ்சல் மூலம் என்று அமெரிக்க விசாரணை சொல்கிறது. வட கொரியர் ஒருவர்மீது 2018இல் குற்றமும் சாட்டினார்கள். அது போகட்டும். என் கேள்வி இது. மின்னஞ்சல் பார்க்கும் ஒரு சாதாரண கம்ப்யூட்டரில் நுழைந்தவன், நாட்டின் கஜானாவைத் திறக்கும் கம்ப்யூட்டர்வரை எப்படி நடந்து போனான்? பணப் பரிமாற்ற அறை தனியாகத்தான் இருந்தது. ஜன்னல்கூட இல்லாத சின்ன அறை. ஆனால் நெட்வொர்க்கில் அது தனியாக இல்லை. 2016 ஏப்ரலில் வங்கதேசக் காவல்துறையின் தடயவியல் பயிற்சிப் பிரிவுத் தலைவர் ராய்ட்டர்ஸ் நிறுவனத்திடம் சொன்னது உலகம் முழுக்கச் செய்தியானது. ஃபயர்வால் இல்லை. அந்த முக்கியமான கம்ப்யூட்டர்களை இணைத்திருந்தது பழைய, பத்து டாலர் சுவிட்சுகள். அன்றைய கணக்கில் எழுநூறு ரூபாய்கூட ஆகாது. சொன்னதைக் கேட்கும் சுவிட்ச் இருந்திருந்தால் அந்த அறையை மற்ற நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்திருக்கலாம் என்றார் அவர். அது இல்லாததால், திருடன் என்ன செய்தான், எங்கிருந்து வந்தான் என்று கண்டுபிடிப்பதும் கடினமானது. யார் அந்தப் பெட்டியை வைத்தது என்பதில் வங்கிக்கும் காவல்துறைக்கும் ஸ்விஃப்ட் நிறுவனத்துக்கும் நடுவே பெரிய வாக்குவாதம் நடந்தது. பெட்டியின் சொந்தக்காரர் யார் என்பதில் எல்லா ஊரிலும் இதே கதைதான்.

‘அது மத்திய வங்கி சார். நம்ம சொசைட்டியில் எவன் வந்து என்ன எடுக்கப்போறான்?’ என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. நம்ம சொசைட்டியில் நகைக்கடன் கணக்கு இருக்கிறது. பயிர்க்கடன் இருக்கிறது. மகளிர் குழுக்களின் சேமிப்பு இருக்கிறது. இந்தக் கடற்கரையில் உப்பளக் கூலிக்குப் போகிற பெண், மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது நான்கு மாதம் தள்ளுவது அந்தக் கணக்கை நம்பித்தான். மத்திய அரசு 2022இல் 63,000 தொடக்க வேளாண் கூட்டுறவு சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,500க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு ஃபைபர் வருகிறது. வரட்டும், மகிழ்ச்சி. பேரேடு எழுதிய காலத்தில் கணக்கைத் திருத்த ஒருவன் பூட்டை உடைத்து உள்ளே வர வேண்டும். இப்போது காத்திருப்போர் பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் ஒரு துளை இருந்தால் போதும். யாரும் பயன்படுத்தாத, ஆனால் உயிரோடு இருக்கிற துளை.

அதுவும் ஆள் வர வேண்டும் என்றில்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் வந்தது. அதற்கு ஊர், பேர் எதுவும் தெரியாது. ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தால் அதே நெட்வொர்க்கில் உள்ள பக்கத்துக் கம்ப்யூட்டருக்குத் தானாகத் தாவியது. 150 நாடுகளில் பரவியது. நம் பக்கத்து மாநிலம் ஆந்திராவில் காவல் நிலையக் கம்ப்யூட்டர்கள்கூடச் சிக்கின. ஓர் அலுவலகத்தில் ஒரு எழுத்தரின் கம்ப்யூட்டர் பக்கத்து மேசை எழுத்தரின் கம்ப்யூட்டரோடு பேச வேண்டிய அவசியமே பெரும்பாலும் கிடையாது. இரண்டும் சர்வரோடும் பிரிண்டரோடும் பேசினால் போதும். அதைச் சுவிட்சில் சொல்லி வைக்க ஐந்து நிமிடம் ஆகும்.

வரப்பு இல்லாததால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி டெல்லி எய்ம்ஸ். 2022 நவம்பர் 23 அன்று சர்வர்கள் முடங்கின. 5 சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. நோயாளிப் பதிவும் பரிசோதனை முடிவும் பல நாட்கள் கையால் எழுதி ஓட்டினார்கள். நாட்டின் தலையாய ஆஸ்பத்திரி! மாநிலங்களவையில் அமைச்சர் கொடுத்த பதிலில் காரணமாகச் சொன்னது, நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படவில்லை என்பது.

எதிர்ப்பக்கச் சாட்சி நம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் என்று செய்தி வந்தது. அக்டோபர் 29 அன்று அப்படி எதுவும் இல்லை என்றார்கள். மறுநாள் அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்கு, இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் வைரஸ், அணு உலையை இயக்கும் நெட்வொர்க் அதிலிருந்து முற்றிலும் தனி என்றார்கள். முதல்நாள் மறுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மறுநாள் அவர்கள் சொல்லிக்கொள்ள முடிந்த ஒரே ஆறுதல் வரப்புதான் என்பதைக் கவனியுங்கள். வரப்பு இல்லாத அலுவலகம் அப்படி ஒரு நாளில் என்ன சொல்லும்?

இனி பள்ளிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வைத்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய வாசல். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லேபும், அலுவலக அறையும், எமிஸ் பதிவும், கேமராவும் ஒரே பெட்டியில் போய்ச் சேர்கிற பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். எமிஸில் என்ன இருக்கிறது? பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, சாதி, அப்பாவின் போன் எண், ஆதார். இருக்கிற தகவலின் கனம் புரிகிறதா? பள்ளி முடிந்து போகும்போது ஒரு பையன் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போகிறான். அவனுடைய மொத்த ஜாதகமும் பூட்டாத பெட்டி வழியாகப் போய் வருகிறது.

ஒரு பள்ளியில் நடந்தது. பெயர் வேண்டாம். மாணவர்கள் லேபில் ஆன்லைன் தேர்வு எழுத உட்கார்ந்தார்கள். பாதிக் கம்ப்யூட்டரில் பக்கம் திறக்கிறது, பாதியில் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சர்வர் டவுன், கரண்ட் சரியில்லை, மழை. கடைசியில் பார்த்தால், அலுவலக அறையில் சிக்னல் வரவில்லை என்று ஒருவர் வீட்டிலிருந்த பழைய வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து சுவர்த் துளையில் செருகியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் காலையில் கண் விழித்ததும் ‘எனக்கு என்ன எண்?’ என்று நெட்வொர்க்கைக் கேட்கும். பதில் சொல்ல ஒருவர்தான் இருக்க வேண்டும். இந்த வீட்டு ரவுட்டரும் முந்திரிக்கொட்டை மாதிரி பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. யார் பதில் முதலில் வந்ததோ அதை நம்பிய கம்ப்யூட்டர்கள் பாதி, பாதை தெரியாமல் நின்றுவிட்டன. அது அப்பாவி ரவுட்டர். அதே இடத்தில் ஒரு திருடன் தன் பெட்டியை வைத்தால், ‘எல்லாச் செய்தியையும் என் வழியாக அனுப்பு’ என்று சொல்லலாம். கம்ப்யூட்டர்கள் மறுபேச்சுப் பேசாமல் அனுப்பும். ‘எண் கொடுக்கும் உரிமை இந்த ஒரு துளைக்கு மட்டும்’ என்று சொல்லி வைத்தால் தீர்ந்தது. மறுபடியும், காது உள்ள சுவிட்சாக இருந்தால்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதில் கெட்ட எண்ணமே தேவையில்லை. ஒரு வயரின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் செருகிப் பாருங்கள். அல்லது பார்க்காதீர்கள். எல்லாருக்குமான ஒரு செய்தி உள்ளே போய், சுற்றிவந்து, மறுபடி உள்ளே போய், பெருகிப் பெருகி, சில நொடியில் மொத்த நெட்வொர்க்கும் மூச்சுத் திணறிவிடும். பெருக்கும்போது வயர் கழன்று விழுந்தால், நல்ல மனசோடு காலியான துளையில் செருகிவிடுகிறார்களே, அப்போது நடக்கும். இதைத் தடுக்கும் முறையை ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985இலேயே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். விலை மலிவான பெட்டிகளில் அது இருப்பதில்லை. இருந்தாலும் போதாது, கவனிக்கவும் வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்ற பெரிய ஆஸ்பத்திரியில் 2002 நவம்பரில் இந்தச் சுற்றல் பிரச்சினையால் நெட்வொர்க் சுமார் நான்கு நாள் படுத்துவிட்டது. டாக்டர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். அந்த ஆஸ்பத்திரியின் தகவல்துறைத் தலைவர் மூடி மறைக்காமல், எங்கே என்ன நடந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். மற்ற ஆஸ்பத்திரிகள் கற்றுக்கொண்டன. நம் ஊரில் ஏதாவது நடந்தால் முதலில் கேட்கும் கேள்வி ‘யார் மேல போடலாம்’ என்பதுதான்.

சரி, காது உள்ள சுவிட்சே வாங்கிவிட்டோம் என்று வையுங்கள். அதற்கும் ஒரு பாஸ்வேர்ட் உண்டு. வாங்கும்போது ‘அட்மின்’ என்றே இருக்கும். பெட்டியின் அடியிலேயே ஒட்டியிருக்கும், இணையத்திலும் கிடைக்கும். மாற்றாமல் விட்டால் காது உள்ள சுவிட்ச் திருடன் சொன்னதையும் கேட்கும். அது மலிவுப் பெட்டியைவிட ஆபத்து. சில வசதிகளை அணைத்தும் வைக்க வேண்டும். 2018 ஏப்ரலில் சிஸ்கோ சுவிட்சுகளில், நிறுவுவதைச் சுலபமாக்க வைத்திருந்த ஒரு வசதி திறந்தே கிடந்ததைப் பிடித்து யாரோ தாக்கினார்கள். திரையில் அமெரிக்கக் கொடியும் ‘எங்கள் தேர்தலில் தலையிடாதே’ என்ற வாசகமும் வந்தன. உலகம் முழுக்கச் சுமார் 2 லட்சம் சுவிட்சுகள், தங்கள் நாட்டில் 3,500 என்று ஈரான் அரசு சொன்னது. அந்த வசதியை எச்சரிக்கை வந்தபோதே அணைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான், அதே நிறுவனத்தின் 318 மாடல் சுவிட்சுகளில் டெல்நெட் என்ற பழைய வழி மூலம் உள்ளே நுழையலாம் என்று தெரியவந்தது. டெல்நெட்டில் பாஸ்வேர்ட் அப்படியே அம்மணமாகப் போகும். எஸ்.எஸ்.எச் என்ற வழியில் மறைத்துப் போகும். இன்றைக்கும் டெல்நெட்டைத் திறந்து வைத்திருப்பதற்கு எந்தச் சாக்கும் கிடையாது.

பாஸ்வேர்டை மாற்றியாகிவிட்டது. யாருக்குத் தெரியும்? இங்கே நான் பார்த்த வரையில் இரண்டு வகை. ஒன்று, எல்லாருக்கும் தெரியும், சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கும். இரண்டு, யாருக்கும் தெரியாது. பெட்டி வைத்த கம்பெனிப் பையனுக்கு மட்டும் தெரியும், அவன் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம். இரண்டாவது வகை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சான் ஃபிரான்சிஸ்கோ நகராட்சி உதாரணம். 2008 ஜூலையில், நகரத்தின் மைய நெட்வொர்க்கின் பாஸ்வேர்டுகளை மேலதிகாரிகளுக்குத் தர மறுத்த பொறியாளர் கைதானார். நெட்வொர்க் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் யாராலும் அதற்குள் நுழைய முடியவில்லை. கடைசியில் மேயரே சிறைக்குப் போய் அவரிடம் கேட்டு வாங்கி வந்தார். 2010இல் அவருக்கு நான்கு ஆண்டு சிறைத் தண்டனை. அவர் பக்கம் நியாயம் இருந்ததா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். என் பார்வையில், ஒரு நகரத்தின் சாவியை ஒரே மனிதனின் மண்டைக்குள் விட்டுவைத்த நிர்வாகத்தின் குற்றம்தான் பெரியது. பள்ளியில் பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டை எப்படி வைக்கிறோம்? முத்திரையிட்ட உறையில், இரண்டு பேர் கையெழுத்தில். சுவிட்ச் பாஸ்வேர்டையும் ஒரு உறையில் போட்டு அரக்கு வைத்து, தலைமையாசிரியர் பீரோவில் பூட்டி வையுங்கள். நமக்குப் புதிதாக ஒன்றும் கற்றுத்தர வேண்டியதில்லை, பழகிய வேலைதான்.

நம் கடற்கரைக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. எந்தக் கம்பெனிக் கையேட்டிலும் மரக்காணத்துக் காற்றைப் பற்றி எழுதியிருக்காது. ஜன்னல் கம்பி இரண்டு வருடத்தில் பொரிந்து உதிர்கிற ஊர் இது. வயர் முனையில் இருக்கும் செம்புக் கம்பிகளும் தகடுகளும் பச்சை பூத்துவிடும். அப்புறம் நெட் வரும், போகும். ‘அசைத்து வைத்தால் வரும்’ என்று ஆளாளுக்கு வயரை அசைப்பார்கள். அசைப்பதற்காகப் பெட்டிக் கதவைத் திறந்தே வைப்பார்கள். சாவி தொலையும். அப்புறம் யார் எந்த வயரை எங்கே மாற்றிச் செருகினார்கள் என்று யாருக்கும் தெரியாது. உப்புக்காற்றில் ஆரம்பித்தது பாதுகாப்பில் வந்து முடிகிறது, பாருங்கள். கடல் பக்க ஜன்னலுக்கு நேரே பெட்டியை வைக்காதீர்கள். கதவு உள்ள சுவர்ப் பெட்டிக்குள் வையுங்கள். காலியான துளைகளுக்குச் சின்ன ரப்பர் மூடி கிடைக்கும், கொசுறு விலைதான். உப்பும் ஏறாது, வேறு எவனும் வயரும் செருக மாட்டான். தரையிலிருந்து உயரமாக வையுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

பணம் இல்லை என்பார்கள். சின்ன அலுவலகத்துக்கான, பாத்தி பிரிக்கத் தெரிந்த எட்டுத் துளை சுவிட்ச் மூவாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. மலிவுப் பெட்டியோடு வித்தியாசம் இரண்டாயிரம் சொச்சம். திறப்பு விழாவுக்கு அடிக்கும் ஃபிளெக்ஸ் பேனர் செலவு அதைவிட அதிகம். எனக்குக் கோபம் கீழே இருக்கும் எழுத்தர் மீதோ லேப் பொறுப்பாசிரியர் மீதோ அல்ல. அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நேரமும் தரவில்லை. கொள்முதல் பட்டியலில் ‘சுவிட்ச் - 1’ என்று ஒரு வரி மட்டும் எழுதி, குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவருக்கு விடுகிறார்களே, அந்த ஒரு வரியில்தான் எல்லாம் கெடுகிறது. பெஞ்சு வாங்கும்போது மரம் எது, கனம் எவ்வளவு என்று எழுதுகிறோம். சுவிட்சுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதக் கூடாதா? வைத்துவிட்டுப் போகும்போது பாஸ்வேர்டை மாற்றி, காலித் துளைகளை அணைத்து, எந்தத் துளையில் எது என்று ஒரு தாளில் எழுதி ஒப்படைத்தால்தான் பில் பாஸ் ஆகும் என்று ஒரு நிபந்தனை போடக் கூடாதா?

எல்லாம் இப்போது கிளவுடில் இருக்கிறது, இதெல்லாம் பழங்கதை என்று பெங்களூர் மாணவன் என்னிடமே வாதாடினான். கிளவுடுக்குப் போகிற வழி எதுடா என்று கேட்டேன். சிரித்தான். நியாயமாக அவன் சொன்னதில் பாதி சரி. சர்வரை உள்ளூரில் வைக்காத அலுவலகத்தில் ஆபத்து குறைவு. ஆனால் கேமரா உள்ளூரில்தான் இருக்கிறது, பிரிண்டர் உள்ளூரில்தான் இருக்கிறது. 2016இல் மிராய் என்ற நச்சு நிரல், பாஸ்வேர்ட் மாற்றாத கேமராக்களைத்தான் லட்சக்கணக்கில் பிடித்துப் படையாக்கியது. கேமராவைத் தனிப் பாத்தியில் வை என்று நான் கத்துவது அதனால்தான்.

சட்டமும் இருக்கிறது. செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி, இப்படி ஊடுருவல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பத்து டாலர் பெட்டியில் பதிவேடு எங்கிருந்து வரும்?

அடுத்த கிராம சபையில் இதை ஒரு கோரிக்கையாக எழுதிக் கொடுக்கப்போகிறேன். ஊராட்சி அலுவலகம், பள்ளி, சங்கம் மூன்றிலும் பெட்டி எங்கே இருக்கிறது, யார் பொறுப்பு, பாஸ்வேர்ட் உறை எங்கே, உயிரோடு இருக்கும் காலித் துளை எத்தனை என்று ஒரு பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லி. பக்கத்து ஊர் நண்பர்களுக்கு வரைவு வேண்டுமானால் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். இந்த வேலையில் இருக்கும் பழைய மாணவர்கள், பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அரைநாள் ஒதுக்க முடியுமா என்று கீழே சொல்லுங்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி நான் வாங்குகிறேன். ஏணியும் துடைக்கிற துணியும் என் வீட்டிலிருந்து வரும். ரப்பர் மூடி மட்டும் இங்கே கிடைக்கவில்லை, சென்னையிலிருந்து வருகிறவர்கள் ரிச்சி தெருவில் நூறு வாங்கி வாருங்கள், பணம் கொடுத்துவிடுகிறேன்.